தமியானின் ‘நாம்’

புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை விரும்பி வாசிப்பவன் நான். ஆனாலும் அவற்றின் மீது எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. அவற்றில் ஆளே இருப்பதில்லை. கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் சிறு நூல்களை எடுத்துப் பாருங்கள். பிள்ளைப் பருவத்திலேயே பக்தி, பதின்வயதில் இறையழைத்தல், அப்புறம் துன்பம், பொறுமை, நல்மரணம், புதுமைகள். பெயரையும் ஊரையும் மாற்றினால் ஒருவர் கதையை இன்னொருவருக்கு அப்படியே மாட்டிவிடலாம். அவருக்குக் கோபம் வந்ததா, யாரோடாவது சண்டை போட்டாரா, சட்டையைத் துவைத்தாரா என்பதெல்லாம் கடைசிவரை நமக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், ‘உண்மை முகம்’ என்ற தலைப்போடு இணையத்தில் வரும் பதிவுகள். அவற்றிலும் ஆள் கிடையாது, குற்றப்பத்திரிகை மட்டும்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரை எப்படி வாசிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மொலோக்காய் தீவின் புனித தமியான் நினைவுக்கு வருகிறார். ஆங்கில வழியில் ஃபாதர் டேமியன். அவரைச் சுற்றி மூன்று கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, அவரை வெறுத்தவர் எழுதியது. இன்னொன்று, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு நாவலாசிரியர் எழுதியது. மூன்றாவது, அவரே தன் அண்ணனுக்கு எழுதியது. இவற்றைப் பக்தியையும் பகையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் எழுத்தாக வாசித்தால் என்ன கிடைக்கும்?

1

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். ஜோசப் டி வூஸ்டர், 1840 ஜனவரி 3 அன்று பெல்ஜியத்தின் ட்ரெமெலோவில் பிறந்தவர். அண்ணன் பாம்ஃபீல் திரு இருதயங்களின் சபையில் குரு. ஹவாய்க்குப் போக வேண்டியிருந்தது அண்ணன்தான். டைஃபஸ் காய்ச்சலில் அவர் படுத்துவிட, இன்னும் குருப்பட்டம்கூட வாங்காத தம்பி, உள்ளூர் மேலாளரைத் தாண்டி நேராகப் பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கே எழுதி அந்த இடத்தை வாங்கிக்கொண்டார். தலைக்கு மேலே எழுதும் இந்தப் பழக்கத்தைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

1864 மார்ச் 19 அன்று ஹொனலுலுவில் இறங்கினார். இரண்டே மாதத்தில் குருப்பட்டம். ஒன்பது வருடம் ஹவாய்ப் பெருந்தீவில் வேலை. அதற்கிடையே 1865இல் ஹவாய் அரசு ஒரு சட்டம் போட்டது. தொழுநோய் கண்டவர்களை, கண்டதாகச் சந்தேகப்பட்டவர்களைக்கூட, பிடித்துத் தனிமைப்படுத்தலாம். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மொலோக்காய் தீவின் வடகரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டு. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் சுவர்போல நிமிர்ந்த மலை. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகளை அங்கே இறக்கினார்கள். அங்கிருந்த கலாவாவ் கிராமத்துக்கு 1873 மே 10 அன்று ஆயர் மைக்ரேயோடு தமியான் போய்ச் சேர்ந்தார். நான்கு குருக்கள் முறைவைத்துப் போய் வருவதாகத்தான் ஏற்பாடு. முதல் முறைக்குப் போனவர் திரும்பவில்லை.

அங்கே பதினாறு வருடம். வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். புண்களின் நாற்றத்தைத் தாங்கப் புகைபிடிக்கப் பழகினார். 1884 டிசம்பரில் கொதிநீரில் கால் வெந்தபோது வலிக்கவில்லை. அது எதன் அறிகுறி என்று அந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார் இருந்திருப்பார்கள்? 1889 ஏப்ரல் 15 அன்று, நாற்பத்தொன்பது வயதில் இறந்தார்.

2

அவர் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஹொனலுலுவில் வசித்த புராட்டஸ்டண்ட் போதகர் சார்லஸ் மெக்கூவன் ஹைட், கேஜ் என்ற சக போதகருக்கு ஒரு கடிதம் எழுதினார். தேதி 1889 ஆகஸ்ட் 2. தனிக்கடிதம்தான், ஆனால் கேஜ் வழியாக அச்சேறிவிட்டது. சிட்னியில் ஒரு சமயப் பத்திரிகையும் அதை எடுத்துப் போட்டது.

மிகச் சிறிய கடிதம். வாக்கியங்களும் சின்னச் சின்னவை. அந்த ஆள் முரடர், அழுக்கர், பிடிவாதக்காரர், மதவெறியர். மொலோக்காய்க்கு யாரும் அனுப்பவில்லை, தானாகவே போனார். குடியிருப்பிலேயே தங்கவும் இல்லை, தீவு முழுக்கச் சுற்றினார். அங்கு நடந்த சீர்திருத்தங்களில் அவருக்குப் பங்கில்லை. பெண்கள் விஷயத்தில் தூய்மையானவர் அல்ல, அந்த ஒழுக்கக்கேடும் அலட்சியமும்தான் நோய்க்குக் காரணம். மற்றவர்களும், எங்கள் போதகர்களும் அரசு மருத்துவர்களும், எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கடிதம்.

கடைசிக் குற்றச்சாட்டு எங்கிருந்து வருகிறது என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ‘ரத்தக்கண்ணீர்’ பார்த்தவர்கள்தானே நாம்! 1954இல் வந்த அந்தப் படத்தில் மோகனசுந்தரம் செய்த பாவத்தின் சம்பளமாகத்தான் நோய் வருகிறது. எம்.ஆர். ராதாவின் நடிப்பை இன்றும் மீம்களாகப் பகிர்ந்து சிரிக்கிறோம், அந்தக் கதையின் அடிக்கல்லாக இருக்கும் நம்பிக்கையை யாரும் தொடுவதில்லை. ஹைட் காலத்தில் அதற்கு மருத்துவ முகமூடியும் இருந்தது. தொழுநோய் என்பது மேகநோயின் முற்றிய நிலை என்று சில டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை நார்வேயில் ஹான்சன் கண்டறிந்தது 1873இல், தமியான் மொலோக்காய்க்குப் போன அதே வருடம். ஹைட் எழுதும்போது அது பதினாறு வருடப் பழைய செய்தி.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஹைட் சொன்னதில் பாதி உண்மை. தமியான் முரட்டு ஆள்தான். சுத்தத்தில் அக்கறை குறைவு. உடன் வேலைசெய்த குருக்களோடு ஒத்துப்போகவில்லை. குடியிருப்பை விட்டு வெளியே போய் தீவின் மற்ற பகுதிகளில் கோயில்களும் கட்டினார். ஒரு பொய்யை அம்பலப்படுத்துவது எளிது. பாதி உண்மையை என்ன செய்வது?

3

அதற்குப் பதில் எழுதியவர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். ஆம், ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ எழுதிய அதே ஸ்டீவன்சன். அந்த நாவல் வந்து நான்கு வருடம் கழித்து நிஜத்தில் ஒரு ஹைட் எதிரே வந்து நின்றார் என்பது வரலாற்றின் குசும்பு. தமியான் இறந்த அடுத்த மாதமே ஸ்டீவன்சன் அந்தக் குடியிருப்பில் ஒரு வாரம் தங்கி, தமியானைப் பிடிக்காதவர்களிடமும் விசாரித்துக் குறிப்பெடுத்திருந்தார். ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்ல, ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டீரியக் குடும்பத்தில் பிறந்தவர். 1890 பிப்ரவரி 25 தேதியிட்டு சிட்னியில் இருந்து ஹைடுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்.

அந்தக் கடிதத்தைப் பலரும் வசைக்காகப் படிக்கிறார்கள். வசை பிரமாதம்தான், மறுக்க மாட்டேன். ஹைடின் வசதியான வீட்டைப் பற்றி வண்டிக்காரன் அடித்த கமெண்ட்கூட உள்ளே வருகிறது. புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதாடும் ‘சாத்தானின் வழக்கறிஞர்’ வேலையைத் திருச்சபை நியமிக்கும் முன்பே ஹைட் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று கிண்டல் ஆரம்பமாகிறது. தமியான் புனிதராக அறிவிக்கப்படும் நாளில் உலகம் ஹைடை நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு கடிதத்துக்காக மட்டும்தான் என்று ஓரிடத்தில் ஆரூடம் வருகிறது. 2009 அக்டோபர் 11 அன்று அந்த நாள் வந்தது, ஆரூடமும் பலித்தது.

ஆனால் இலக்கியமாக அதன் பலம் வசையில் இல்லை, நடுப்பகுதியில் இருக்கிறது. ஹைட் சொன்ன ஒவ்வொரு சொல்லாக எடுக்கிறார் ஸ்டீவன்சன். பொய் என்று மறுக்க வேண்டியதை மறுக்கிறார், மற்றதை ஒப்புக்கொள்கிறார். முரடரா? ஆமாம். அழுக்கா? ஆமாம். பிடிவாதமா? சந்தேகமே இல்லை. தன் குறிப்பேட்டில் இருந்த பாதகமான பகுதிகளையும் மறைக்காமல் எடுத்துப் போடுகிறார். லண்டனில் இருந்து வந்த நன்கொடையைத் தமியான் முதலில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் ஒதுக்கினார் என்பதை நாம் தெரிந்துகொள்வதே, அவருக்காக வாதாடும் இந்தக் கடிதத்தில்தான். அது தப்பு என்று ஒருவர் முகத்துக்கு நேராகப் பேசிப் புரியவைத்ததும் ஒப்புக்கொண்டு பட்டியலைத் திருத்தினார் என்பதும் அதே பத்தியில் வருகிறது. இந்த ஒரு சம்பவத்தில் எனக்குத் தமியான் உயிரோடு தெரிகிறார்: பட்டிக்காட்டுத்தனமான மதப்பற்று, கோபம், பிறகு முழு மனதோடு தோற்றுப்போவது.

பெண்கள் பற்றிய குற்றச்சாட்டுக்கு வரும்போது ஸ்டீவன்சன் ஆதாரம் அடுக்குவதை விட்டுவிட்டு ஒரு மதுக்கடைக் காட்சியைச் சொல்கிறார். இதே வதந்தியை ஒருவன் அங்கே சொன்னபோது, குடித்துக்கொண்டிருந்த இன்னொருவன் எழுந்து, இது உண்மையாகவே இருந்தாலும் இதைச் சொல்லித் திரிகிற நீ அதைவிடக் கீழானவன் என்ற பொருளில் திட்டுகிறான். வாதமாகப் பார்த்தால் இது பலவீனம், கேள்வியை மாற்றிவிடுகிறது. வழக்கறிஞர் ஸ்டீவன்சன் இங்கே கதைசொல்லி ஸ்டீவன்சனிடம் தோற்கிறார்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அதே 1890இல் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், ஹைடை அப்படிக் கொடூரமாகத் தாக்கியதற்கு வருந்துவதாகவும், இப்போது எழுதினால் தமியானுக்காக இதே அளவு வாதாடி, உயிரோடு இருப்பவர்களை இவ்வளவு புண்படுத்தாமல் எழுதுவேன் என்றும் ஸ்டீவன்சன் சொல்லியிருக்கிறார். ஜெயித்த சண்டையைப் பற்றி இப்படி எழுத ஒரு மனசு வேண்டும்.

4

மூன்றாவது கடிதம்தான் எனக்கு முக்கியம். மொலோக்காய்க்குப் போன ஆறு மாதத்தில், 1873 நவம்பரில், தமியான் அண்ணனுக்கு எழுதுகிறார். பிரசங்கத்தில் மக்களைச் சகோதரர்களே என்று அழைக்காமல், தன்னையும் தொழுநோயாளர்களோடு சேர்த்துத் தன்மைப் பன்மையில் பேசுவதாகச் சொல்கிறார். அப்போது அவருக்கு நோய் இல்லை. இதற்கும் கொதிநீர்ச் சம்பவத்துக்கும் நடுவே பதினோரு வருடம் இருக்கிறது.

இந்த வரியை மேற்கோள் காட்டாத தமியான் நூலே இல்லை. ஆனால் ஐரோப்பிய மொழிகளில் வாசிப்பவருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இதில் நமக்குத் தெரியும். ஆங்கிலத்தின் ‘வீ’யும் பிரெஞ்சின் ‘நூ’வும் ஒற்றைச் சொற்கள். எதிரே இருப்பவர் அதற்குள் அடக்கமா இல்லையா என்று அவை சொல்லாது. தமிழ் சொல்லியாக வேண்டும். ‘நாம்’ என்றால் நீயும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் நீ வெளியே. இந்த வேறுபாடு ஹவாய் மொழியிலும் உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது ‘காக்கோவ்’, விலக்குவது ‘மாக்கோவ்’. தமியான் மக்களோடு பேசியது ஹவாய் மொழியில். நோயாளிகள் நிறைந்த கோயிலில் நின்று, அவர்களைப் பார்த்து, அவர்களோடு தன்னையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றால் இலக்கணப்படி அவர் வாயில் வந்திருக்க வேண்டிய சொல் ‘நாம்’. ஐரோப்பிய மொழிகளில் மங்கலாகக் கடந்துபோகும் வாக்கியம் அந்த மக்களின் மொழியில் ஒரு கோட்டைத் தாண்டுகிறது.

இதில் ஓர் அத்துமீறலும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆரோக்கியமான ஒரு வெள்ளைக்காரக் குரு, விரல் உதிர்ந்தவர்கள் முன்னால் நின்று ‘நாம்’ என்கிறார். உன்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்களா? உன் பெண்டாட்டியிடம் இருந்து பிரித்தார்களா? முன்வரிசையில் இருந்த ஒருவர் மனசுக்குள் அப்படிக் கேட்டிருந்தால் அது நியாயம்தான். சொல்லளவில் அந்த ‘நாம்’ கடன் வாங்கியது. அதே சட்டியில் சாப்பிட்டு, புண்ணைக் கழுவி, குழிவெட்டி அவர் அந்தக் கடனை அடைத்தார். கடைசித் தவணையை உடம்பால் கட்டினார்.

‘நாம்’ என்று உள்ளே சொன்னவர் வெளியே திரும்பும்போது என்ன சொல்வார்? ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல முடியும். எங்களுக்கு மரப்பலகை வேண்டும், எங்களுக்குத் துணி வேண்டும், எங்களுக்கு டாக்டர் வேண்டும். ஹொனலுலுவின் சுகாதார வாரியத்துக்கும் சபை மேலாளர்களுக்கும் அவர் பெரிய தலைவலியாக இருந்தார். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த ஒரு குருவுக்கு இது குணக்கேடாகத்தான் எழுதப்பட்டது. பாரிசுக்கு நேராகக் கடிதம் போட்ட அதே பையன்தான் இது. ஹைட் குற்றமாகவும் ஸ்டீவன்சன் மன்னிக்கத்தக்க குறையாகவும் பார்த்த அந்தப் பிடிவாதம் எனக்கு அவருடைய புனிதத்தின் மறுபக்கமாகத் தெரிகிறது. உள்ளே ‘நாம்’ என்று மனதாரச் சொல்பவரின் ‘நாங்கள்’ வெளியே கரகரப்பாகத்தான் ஒலிக்கும். பக்தி நூல்கள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் துடைத்துவிடுகின்றன. அதனால்தான் அவற்றில் ஆள் இல்லாமல் போகிறது.

வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி. பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்கு இன்னொரு குரு வேண்டும். கரையோரம் வந்த கப்பலில் ஒருவர் இருந்தார், ஆனால் கப்பலில் ஏறத் தமியானுக்கு அனுமதி இல்லை. படகில் நின்றபடியே, மற்றவர்கள் காதில் விழ, தன் பாவங்களைப் பிரெஞ்சில் கத்திச் சொன்னார். இதை எல்லோரும் தாழ்ச்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஓர் எல்லைக்கோட்டின் படம். அப்போது அவருக்கு நோய் இல்லை. ஆனாலும் கப்பலின் ‘நாம்’ அவரை ஏற்கெனவே வெளியே தள்ளிவிட்டது.

5

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹைடும் ஸ்டீவன்சனும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இருவர் சண்டையும் வந்துபோன வெள்ளைக்காரர்களைப் பற்றியது. அங்கே இருந்தவர்கள், பெரும்பாலும் ஹவாய்ப் பூர்வகுடிகள், இரண்டு கடிதங்களிலும் பின்னணிக் கூட்டம்.

தமியான் வருவதற்கு முன்பே தெரிந்தே அங்கு போனவர்கள் இருந்தார்கள். அவர்களைக் ‘கோக்குவா’ என்பார்கள், உதவியாளர் என்று பொருள். நோய்வந்த கணவனோடு மனைவி, பிள்ளையோடு தாய், என்று நோயில்லாதவர்கள் துணைக்குப் போனார்கள். கணவனைக் கூடையில் சுமந்த நளாயினியைப் பத்தினியாக்கிய மரபு நம்முடையது. கோக்குவாக்களுக்கு அப்படி ஒரு புராணம்கூட வாய்க்கவில்லை. ஹவாய் மக்கள் இந்த நோயைக் குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்றார்கள். அந்தப் பெயர் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் உறவைப் பற்றிச் சொல்கிறது. தமியானின் ‘நாம்’, இந்தப் பெண்கள் ஒரு வார்த்தையும் எழுதாமல் ஏற்கெனவே செய்துகாட்டியதன் தொடர்ச்சி.

கலாவாவில் நோயாளிகளே 1866இல் ஒரு புராட்டஸ்டண்ட் சபையாகக் கூடி, 1871இல் சிலோவாமா என்ற ஆலயத்தைக் கட்டியிருந்தார்கள். அது ஹைடின் சபை மரபைச் சேர்ந்தது. தமியானைச் சிறுமைப்படுத்த அவர் கையில் இருந்த வலுவான சான்று அதுதான், அதை அவர் பயன்படுத்தவே இல்லை. எங்கள் போதகர்கள் என்று எழுதத் தெரிந்தவருக்கு எங்கள் நோயாளிகள் என்று எழுதத் தோன்றவில்லை.

எழுதியவர்களும் இருந்தார்கள். அரச குடும்பத்தவரான பீட்டர் காஎயோ 1873இலேயே நோயாளியாக அங்கே அனுப்பப்பட்டு, தன் உறவினரான எம்மா அரசிக்கு எழுதிய கடிதங்கள் நூலாகக் கிடைக்கின்றன. அந்தக் கடிதங்களின் மையத்தில் தமியான் இல்லை, ஓர் ஊரின் அன்றாடம் இருக்கிறது. காவாய் தீவில் கோஒலாவ் என்பவர் பிடிபட மறுத்து மனைவி பீயிலானியோடும் மகனோடும் காட்டுப் பள்ளத்தாக்கில் ஒளிந்தார். ஜாக் லண்டன் அவரைக் கதையாக்கிப் புகழ்பெற்றார். அதற்கு முன்பே, 1906இல், பீயிலானி சொன்ன வரலாறு ஹவாய் மொழியில் அச்சாகியிருந்தது. லண்டனின் கதையில் தனி மனிதனின் வீரம், பீயிலானியின் நூலில் மூன்று பேரின் தலைமறைவு வாழ்க்கை. யாருடைய ‘நாம்’ யார் கையில் எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

2020இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், நாடாளுமன்றக் கட்டடத்தில் ஹவாயின் சார்பாக லிலியுஓகலானி அரசி போன்ற ஒருவருக்குப் பதிலாகத் தமியான் சிலை நிற்பதை வெள்ளை மேலாதிக்கப் பண்பாட்டுக்கு உதாரணமாகச் சொன்னார். பெரிய சர்ச்சை ஆனது. அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அனுப்பப்பட்ட இடத்தில் இருந்து உலகம் நினைவில் வைத்திருக்கும் பெயர் ஏன் ஒரு பெல்ஜியக்காரருடையது? ஆனால் அந்தச் சிலையைப் போய்ப் பார்க்க வேண்டும். மரிசோல் செய்தது, 1969இல் நிறுவப்பட்டது. தமியானின் கடைசிக் காலப் புகைப்படங்களைப் பார்த்து, நோயால் வீங்கிய முகத்தோடு, கட்டைபோல நிற்கும் உருவம். அழகான இளம் குருவாகச் செய்திருக்கலாம். மரிசோல் அந்த ‘நாம்’ உடம்பில் இறங்கிய பிறகு இருந்த ஆளைத்தான் செய்தார். வரலாற்றில் விடுபட்டவர்களைக் கொண்டுவர இந்த முகத்தை அகற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் இடம்விட்டால் போதும்.

6

தமியானின் பெயரால் நடந்தவற்றில் எனக்குப் பிடித்த ஒன்று நம் ஊர்ப்பக்கம் நடந்தது. 1955இல் இப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர்கள் ஒரு தொழுநோய் மையம் தொடங்கினார்கள். ஃப்ரான்ஸ் ஹெமரிக்ஸ், கிளேர் வெல்லூ இருவரும் அதில் முதன்மையானவர்கள். பின்னால் தமியான் பெயரிலேயே அமைந்த பெல்ஜிய அறக்கட்டளை இந்தப் பணியைத் தொடர்ந்தது. அவர்கள் நோயாளிகளை அடைத்துவைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார்கள். வீட்டைவிட்டு யாரும் போகத் தேவையில்லை என்றால் கோக்குவாவும் தேவையில்லை, தமியானும் தேவையில்லை. ஒரு புனிதரின் தேவையையே இல்லாமல் ஆக்குவதைவிட அவருக்குச் செய்யும் மரியாதை என்ன இருக்க முடியும்?

ஹவாயில் கட்டாயத் தனிமைப்படுத்தல் 1969இல்தான் முடிந்தது. அதற்கு முன்பே, 1936இல், தமியானின் உடலைத் தோண்டியெடுத்து பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2005இல் ஃபிளமிய மக்கள் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பில் அவரை மிகச் சிறந்த பெல்ஜியராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, எங்கள் ஆள். 1995இல் அருளாளர் பட்டம் கொடுத்தபோது வலது கையை மட்டும் கலாவாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பழைய கல்லறையில் இப்போது அது மட்டும் இருக்கிறது.

2009இல் ரோமில் நடந்த புனிதர் பட்ட விழாவுக்குக் கலாவ்பாப்பாவில் இருந்து வயது முதிர்ந்த சில நோயாளிகளும் போயிருந்தார்கள். ஒருகாலத்தில் அந்தக் கரையைத் தாண்டவே அனுமதி இல்லாதவர்கள். அவர்களிடம் கேட்டால் தமியானைப் பற்றி ‘நாம்’ என்று சொல்லியிருப்பார்களா, ‘நாங்கள்’ என்று சொல்லியிருப்பார்களா? அடுத்து எழுதப்படும் தமியான் வாழ்க்கை வரலாறு அவர்களிடம் போய் அதைக் கேட்டுவிட்டு ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.